மூன்றாம் ரீலில் ஒரு பாட்டு

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கீழ்த்தட்டில் டப்பா டப்பாவாக சினிமா ரீல்கள் இருக்கின்றன. எல்லாம் பதினாறு எம்.எம். பிலிம். தியேட்டரில் ஓடியதில் பாதி அகலம்கூட இல்லாதவை. ஒரு காலத்தில் கல்யாண வீட்டிலும் சர்ச் திருவிழாவிலும் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டியவர்கள் வைத்திருந்தவை. இப்போது காயலான் கடைக்கும் என்னைப் போன்ற சிலருக்கும் மட்டும்தான் வேண்டும்.

மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை எனக்கு. எதையும் வரிசைப்படுத்திப் பழகிய கை. அதனால்தான் அந்த ஒரு படம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நான்கு ரீல் கொண்ட கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம் அது. என்னிடம் ஒன்று, இரண்டு, நான்கு இருந்தன. மூன்று இல்லை. இணையத்திலும் அந்தப் படம் இல்லை.

இரண்டாம் ரீலின் கடைசியில் ஒருத்தி கைக்குழந்தையோடு மாமியார் வீட்டு வாசலில் நிற்கிறாள். இந்த வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். நான்காம் ரீல் தொடங்கும்போது வேறு ஏதோ ஊரில் டீச்சராக இருக்கிறாள். காது ஓரம் நரைத்திருக்கிறது. வகுப்பில் ஒரு சிறுமியைப் பார்க்கும்போதெல்லாம் அவள் பேச்சு தடுமாறுகிறது. அந்தச் சிறுமி யார்? கைக்குழந்தை எங்கே போயிற்று? ரயிலில் நின்றுகொண்டு போகும்போதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு பொம்பளை ஏன் ஊரை விட்டுப் போனான்னு தெரிஞ்சுக்க இவ்ளோ டப்பாவா?” என்றாள் அம்மா. “நம்ம மாடி வீட்ல கேளு. ஓசியிலயே சொல்லுவாங்க.”

மூன்றாம் ரீல் பம்மலில் இருந்தது. சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ஒரு அண்ணன், நாற்பது வயதிருக்கும், அவரும் ரீல் சேர்ப்பவர்தான். ஆனால் வேறு ஜாதி. அவர் பாட்டு சேர்ப்பவர். எந்த ரீல் வந்தாலும் பாட்டை மட்டும் வெட்டி எடுத்துத் தன் பாட்டு ரீலில் ஒட்டிக்கொள்வார். மீதியைத் தூக்கிப் போட்டுவிடுவார். இந்த ரீலை இன்னும் வெட்டவில்லை என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

அடுக்கிவைத்த ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே ரீலைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “காசுலாம் வேணாம்மா. பாட்டு எனக்கு, மீதிய நீ எத்துக்கினு போ. கதைல இன்னா கீது? அழுவாங்க, அடிச்சிப்பாங்க. பாட்டுதான் நிக்கும்.”

பாட்டில் கதை நகராது என்று நான் நினைத்தேன். “சரிண்ணா” என்றேன்.

பிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்து, காட்சி மாறும் இடத்தில் அவர் வெட்டினார். பாட்டு முடிந்த இடத்தில் இன்னொரு வெட்டு. இரண்டு முனைகளையும் சேர்த்து டேப் ஒட்டி என்னிடம் நீட்டினார்.

அன்று மாலையே ஜன்னலைப் போர்வையால் மறைத்து, புரொஜெக்டரில் போட்டுச் சுவரில் ஓட்டினேன். கணவன் இறந்த செய்தி வருகிறது. மாமியார் கதவைச் சாத்துகிறாள். இவள் குழந்தையோடு மழையில் இறங்கி நடக்கிறாள். அவள் முகம் திரையை நிறைக்கிறது. எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் தொடங்கி, தொடங்கியவுடனே அறுந்தது. அடுத்த காட்சியில் கண்ணாடி போட்டுக்கொண்டு கரும்பலகையில் எழுதுகிறாள்.

ரீலைச் சுற்றித் திரும்ப ஓட்டினேன். மழை, முகம், கரும்பலகை. நம் படங்களில் வருஷங்கள் எல்லாம் பாட்டுக்குள்தான் ஓடும். குழந்தை நடப்பதும் தலை நரைப்பதும் அங்கேதான். எத்தனை படம் பார்த்தவள் நான். கதையில் நான் தேடிய பத்து வருஷத்தை என் கண்ணெதிரிலேயே வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். உட்காரப் பிடிக்கவில்லை. “சுவத்துல என்னடி தேடுற?” என்று அம்மா இரண்டு முறை கேட்டாள்.

எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே போன் செய்தார். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம்.

“இன்னாம்மா, என் பாட்டுல தலைய காணோம்.”

“தலையாண்ணா?”

“முதல் பிட்டு. புல்லாங்குழல். சின்ன வயசுலேர்ந்து என் வாயில கீது அது. இப்ப போட்டா நேரா நடுவுலேர்ந்து கத்துது. பேஜாரா கீது.”

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த பிலிமில் ஒரு காட்சிக்கு உரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது. சுமார் ஒரு நொடி முன்னால் பதிந்திருக்கும். பிலிம் லென்ஸைத் தாண்டிய பிறகுதான் ஒலி படிக்கும் இடத்துக்கு வருகிறது என்பதால் அந்த ஏற்பாடு. அவர் காட்சியைப் பார்த்து வெட்டினார். பாட்டின் முதல் நொடி என் மழைக் காட்சியின் ஓரத்தில் தங்கிவிட்டது. அதை அவரிடம் சொன்னேன்.

“அப்ப அந்த ஒரு பிட்ட வெட்டிக் குடு.”

“வெட்டினா உங்க பாட்டுல மழை வரும். எனக்கு அவ முகம் போயிடும்ணா.”

“இன்னாதான் வழி?”

“மறுபடியும் சேத்து ஒட்டணும்.”

“ஞாயித்துக்கிழமை எத்துனு வா” என்றார்.

அவர் பாட்டு ரீலில் இருந்து டேப்பை உரித்து அந்தப் பாட்டை எடுத்தார். நான் பிலிம் ஓரத்தைத் துளைக்குத் துளை பொருத்தி என் ரீலில் ஒட்டினேன். சுவரில் ஓட விட்டோம். மழை, முகம், புல்லாங்குழல். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் மூடவில்லை. ஒரு பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு வீடு. வாசலில் குழந்தையை வைத்துவிட்டு எதிர்ச் சுவரோரம் நிற்கிறாள். கதவு திறக்கிறது. யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொள்கிறாள். பிறகு பள்ளிக்கூட ஜன்னல். அந்தப் பக்கம் இவள். வீட்டு முற்றத்தில் குழந்தை தவழ்கிறது, நடக்கிறது, பை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறது. ஜன்னலில் இவள் கண்ணாடி போட்டிருக்கிறாள்.

“இது அவ கொயந்தையா?” என்றார். எப்போது கண்ணைத் திறந்தார் என்று தெரியவில்லை. “நான் புருசனுக்குக் காத்துகினு கீறான்னு நெனச்சேன்.”

“இவ்ளோ நாளா பாக்கலையாண்ணா?”

“கேட்டுகினு இருந்தேன்மா. எவன் பாத்தான்.”

ரீலைக் கழற்றியதும் இரண்டு பேருடைய கையும் அதன் மேல் இருந்தது.

“பாட்டு என் வூட்ல இல்லாம என்னால முடியாது” என்றார். “ஒன்னு, மறுபடியும் வெட்டி உன் பங்க எத்துக்கினு போ. இல்ல, ஒட்டினது ஒட்டினதாவே இங்க வுட்டுட்டுப் போ.”

கத்தரி மேசை மேலேயே இருந்தது. அவள் முகம் முடிகிற இடத்தில் நான் ஒட்டிய டேப் பளபளத்தது. ரீலை அவர் பக்கம் தள்ளினேன்.

பல்லாவரம் ஸ்டேஷன் போகும் ஷேர் ஆட்டோவில் காலி டப்பாவை மடியில் வைத்திருந்தேன். “முறுக்கா?” என்று பக்கத்து அம்மா கேட்டார். “காலிங்க” என்றேன். மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது.

“ஏம்மா, அந்தப் பொண்ணுக்குக் கடைசில தெரியுமா, இவதான் அம்மான்னு?”

“அது நாலாவது ரீல்ணா.”

“சொல்லேன்.”

“மூணாவத எடுத்துட்டு வாங்க. பாக்கலாம்.”

“நீ நாலாவத எத்துனு வா.”

ரயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.