எக்ஸ்பிரஸின் நேரம்

என் அண்ணன் செத்த பிறகும் எங்கள் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டுதான் இருந்தான். இதைச் சொன்னால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் லைனில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் பம்பு பொருத்தும் லைன் அது. பெல்ட்டின் ஓரமாக வரிசையாக நிற்போம். பஸ்ஸர் அடிக்கும், பெல்ட் நகரும், அடுத்த பம்பு முன்னால் வந்து நிற்கும். மறுபடி பஸ்ஸர் அடிப்பதற்குள் அவரவர் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்து மானத்தை வாங்கும். இருப்பதிலேயே கனமான வேலை என் அண்ணனுடையது, மூடியை வைத்துத் திருகுகளை முடுக்குவது. அதற்கு எவ்வளவு நேரமோ அதுதான் லைன் முழுவதற்கும் பஸ்ஸர். அவன் கை வேகத்தைப் பார்த்து 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நேரம் குறிக்க ஒரு இன்ஜினியர் கேமராவோடு வந்த அன்று, "நம்ம எக்ஸ்பிரஸ எடுங்க சார், அசந்துடுவீங்க" என்று லைனே சேர்ந்து அவனைக் காட்டிவிட்டது. ஒருத்தருக்கும் புத்தி இல்லை. அவனும் பேரைக் காப்பாற்றப் பறந்தான். அந்த நேரத்தை அப்படியே பஸ்ஸரில் ஏற்றிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட அவன் இருக்கவில்லை. வேலைக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஆள் போய்விட்டான், பஸ்ஸர் போகவில்லை. அது அடிக்கும்போதெல்லாம் "எக்ஸ்பிரஸ் கூப்பிடறான், ஓடு" என்பார்கள் லைனில். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு சொல்கிறவர்களும் சிரிக்கவில்லை, கேட்கிறவர்களும் சிரிக்கவில்லை.

அவனுடைய இடத்திலேயே அண்ணிக்கு வேலை கொடுத்தார்கள். அவன் தங்கை நான் ஏற்கெனவே அடுத்த இடத்தில் இருந்தேன். வீட்டிலும் நாங்கள் இருவர்தான், லைனிலும் பக்கத்தில் பக்கத்தில். அண்ணி வந்து சில மாதங்களிலேயே அண்ணன் வேகத்தைப் பிடித்துவிட்டாள். கற்றுக்கொண்டாள் என்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூடியை எடுக்கும்போது முழங்கையை லேசாகத் தூக்குவாள். அது அவன் பழக்கம். அவள் அவனை லைனில் பார்த்ததே இல்லை. வீட்டில் வெங்காயம் நறுக்கினாலும் அதே தாளம்தான். தாங்க முடியாமல், அந்தச் சத்தம் கேட்காதிருக்க நான் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பேன்.

கல்யாணத்துக்கு முன்னால் டிப்ளமா முடித்தவள் அண்ணி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று, உற்பத்திப் பொறியியலும் மேலாண்மையும் என்ற பகுதி நேரப் படிப்பில் சேர்ந்தாள். வார நாளில் ஷிப்ட், ஞாயிறானால் வகுப்பு. "மேனேஜர் ஆகி என்னையே வேலைய விட்டுத் தூக்கப் போறீங்க" என்று சீண்டுவேன். "உன்னைத்தான் முதல்ல தூக்குவேன்" என்பாள்.

விளையாட்டுக்குச் சொன்னது வேறு விதமாக உண்மையாகப் பார்த்தது. என் வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு என் தலைக்கு மேலேயே குடியிருந்தது. இந்தக் காலாண்டு முடிவதற்குள் பஸ்ஸருக்கு ஈடு கொடுக்காவிட்டால் வேறு ஆள் போடுவோம் என்று புரொடக்‌ஷன் மேனேஜர் எழுதியே கொடுத்துவிட்டார். என் வயதில், இந்தக் கையோடு, எவன் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

கடைசி வருடம் அண்ணி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். எங்கள் லைனின் நேரத்தையே எடுத்துக்கொண்டாள். வகுப்பு வாத்தியார் ஒரு சங்கதி சொல்லியிருந்தார். ஒரு ஆளை வைத்து நேரம் எடுத்தால், அவன் சாதாரண ஆளா, அதைவிட வேகமானவனா என்று மதிப்புப் போட வேண்டும். சாதாரண வேகம் என்றால் நூறு. அதற்கு மேல் இருந்தால் அந்த அளவுக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் லைனில் அந்த மதிப்பையே யாரும் போடவில்லை. பழைய வீடியோ இருந்தால் இப்போதும் போடலாம் என்றாராம் வாத்தியார். மேனேஜரிடம் கேட்டு அண்ணி வாங்கி வந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்தாள். முகம் தெரியவில்லை. இரண்டு கைகளும் பம்பும் மட்டும்தான். ஆனால் அந்தக் கட்டைவிரல் நகத்தை எனக்குத் தெரியாதா? அண்ணி சத்தத்தை மூடிவிட்டு, ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டு நூறு என்று எழுதினாள்.

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "நூறா? அவன் சாதாரண ஆளா? மனசத் தொட்டுச் சொல்லுங்க."

"அவருக்கு அது சாதாரணம்தான்."

"அண்ணி, என் கை செத்துட்டு இருக்கு. நீங்க செத்துப்போனவருக்கு மார்க் போட்டுட்டு இருக்கீங்க."

அப்படிச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. அண்ணி கோபப்படவும் இல்லை. ஸ்டாப்வாட்சின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அந்த பஸ்ஸர மாத்திட்டா அவரு எங்கடி இருப்பாரு?" என்றாள். "நூறுக்கு மேல எழுதினேன்னா, தன்னைத்தானே அடிச்சு ஓட்டித்தான் செத்தாருன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி."

எனக்கு விட்டுவிட மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை நானே லேப்டாப்பைத் திறந்தேன். "கடைசி வரைக்கும் பாருங்க. பார்த்துட்டு நூறுன்னே எழுதுங்க, நான் வாயத் திறக்கல" என்று சத்தத்தையும் கூட்டி வைத்தேன்.

லைனின் இரைச்சல் வீடு முழுக்க நிறைந்தது. கைகள் பறந்தன. நான்கைந்து பம்புகள் போயிருக்கும். திடீரென்று அவன் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து கேட்கிற மாதிரி.

"போதுமா சார்? இன்னும் வேகமா வேணுமா?"

அண்ணி அசையவில்லை. இன்னும் சில பம்புகள். பிறகு ஒரு மூடியை வைத்துவிட்டு, வலது கை திருகுக்குப் போகாமல் இடது தோளுக்குப் போனது. அழுத்தித் தேய்த்தது. திரும்பி வந்து முடுக்கியது. அடுத்த பம்பிலும் தேய்த்தது. அதற்கடுத்த பம்பிலும்.

"இது எங்க போச்சு?" என்றேன். "இந்த நேரமெல்லாம் பஸ்ஸர்ல இல்லையே."

"எடுத்துட்டாங்க. வேலைக்குச் சம்பந்தமில்லாத அசைவுன்னு கணக்குல சேர்க்க மாட்டாங்க. அந்த இன்ஜினியரக் குத்தம் சொல்லாத. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. வேற யாரோ ஒருத்தர்னா நானும் அத வெட்டித்தான் இருப்பேன்."

அந்தத் தோள் தேய்ப்பதை அவள் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். நான் போதும் என்று சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் நூறை அடித்துவிட்டு நூற்று முப்பது என்று எழுதினாள். எழுதிய பிறகு மூடாத பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆள் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அண்ணி என்னையும் அழைத்துப் போயிருந்தாள்.

"என்னம்மா இது? நம்ம எக்ஸ்பிரஸ் இந்த நேரத்துக்குச் செஞ்சு காட்டினான்ல?" என்றார்.

"காட்டினாரு சார். எத்தனை மாசம் காட்டினாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு மாதம் சோதனையாக ஓட்டிப் பார்க்கலாம், குறைகிற பம்புகளுக்குத் தனியாக வழி பார்க்கிறேன் என்றார். வெளியே வந்ததும் எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஷிப்டில் பஸ்ஸரை மாற்றினார்கள். முதல் பம்பு என்னிடம் வந்தது. முடித்தேன். பஸ்ஸர் இன்னும் அடிக்கவில்லை. மணிக்கட்டை உதறிக்கொள்ள நேரம் இருந்தது, எதிரே நின்ற பெயின்ட்காரரைப் பார்த்துச் சிரிக்கவும் நேரம் இருந்தது. லைன் முழுக்க ஒரு சலசலப்பு. யாரோ விசில் அடித்தார்கள். இனி என் வேலை போகாது.

சந்தோஷத்தில் அண்ணி பக்கம் திரும்பினேன். அவள் கை பழைய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டு, காற்றில் நிற்கும் கையோடு, வராத பஸ்ஸரைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பம்பிலும் அப்படியே. அதற்கடுத்ததில் மூடியை வைத்தாள், திருகை எடுக்கவில்லை.

"அண்ணி, என்னாச்சு?"

"சத்தமே இல்லடி" என்றாள். "இத்தனை வருஷமா பின்னாடியே நின்னு அவசரப்படுத்திட்டு இருந்தாரு. இப்ப யாரும் இல்ல."

அழுதாள். அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. இடத்தை விட்டுப் போகவும் இல்லை, முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. அந்த நேரத்தில் பஸ்ஸர் அடித்து, மூடி முடுக்கப்படாமலேயே பம்பு என் முன்னால் வந்து நின்றது. நான் அவளுடைய திருகுகளை எடுத்து ஒவ்வொன்றாக முடுக்கினேன்.