வீரபாகுவின் காதுகள்

தறியை விட்டு எழுந்து அரை மணி நேரம் ஆகும்வரை வீரபாகு எதையும் கேட்கமாட்டார். முகம் கழுவுவார், துண்டால் காதுமடலைத் துடைப்பார், கூடத்துச் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பார். யாராவது பேச்சுக் கொடுத்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவார். "தறி இன்னும் காதுல ஓடிக்கினுகீது. எறங்கட்டும்." இறங்கிவிட்டது என்று எப்படித் தெரியும் என ஒரு நாள் கேட்டேன். தெருவில் போகிற சைக்கிளின் செயின் சத்தம் தனியாகக் கேட்டால் இறங்கிவிட்டதாம். நானும் அதே சுவரில் சாய்ந்து பார்த்தேன். எனக்குப் பக்கத்து வீட்டு மிக்சிதான் கேட்டது.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். ஐம்பத்திரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு இசைத்தட்டு போடுவார். அதைக் கேட்க நாலைந்து பேர் தவறாமல் வருகிறார்கள், ஏனாத்தூரிலிருந்துகூட. என் வீட்டில் இருக்கும் செட் இவருடையதைப் போலப் பத்து மடங்கு விலை. அதைக் கேட்க ஈ காக்கைகூட வருவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மனிதர் மேல் எனக்குப் பொறாமை. அதை மறைத்துக்கொண்டு இவரைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பதினொரு வருடமாக ஒரு மாதப் பத்திரிகையில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று வருவதற்கெல்லாம் விமர்சனம் எழுதிவருகிறேன். தெளிவு, ஆழம், குழைவு, விரிவு என்று என்னிடம் நாற்பது சொற்கள் இருக்கின்றன. வீரபாகுவிடம் இரண்டுதான். நன்றாக இருந்தால் "இழ சேருது". இல்லையென்றால் "இழ சேரல". அந்த இரண்டைக் கேட்கத்தான் ஆட்கள் வண்டியில் ஸ்பீக்கரைக் கட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அவருடைய ஆம்ப்ளிஃபையர், முசரவாக்கத்தில் மைக் செட் வைத்திருந்த ஒருவர் கழித்துப் போட்டது. எரிந்துபோயிருந்த டிரான்ஸ்ஃபார்மரைத் தாமே சுற்றிக்கொண்டார். தறியில் ஓடும் நாடாவுக்காகத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற கை, கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்காகப் படிந்திருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டி வேப்ப மரம். வயர், எலக்ட்ரிகல் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கியது. வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டு நூல் ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார். குமிழ் அந்த நூல்வரை வரும், அதோடு சரி. பாட்டு தொடங்கிவிட்டால் முடிகிறவரை அதைத் தொடமாட்டார். ஒரு தரம் வாசலில் மேளத்தோடு சாமி போயிற்று. எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், குமிழின் பக்கம் கை போகவில்லை. "நாலு வாட்டி கூப்ட்டாச்சு, செவுரே திரும்பிப் பாத்துடும், இவரு பாக்க மாட்டாரு" என்பது அவர் மனைவி பெரியநாயகியின் நிரந்தரப் புகார்.

அவரிடம் ஒரு பழைய நாகசுர இசைத்தட்டு உண்டு. எந்தச் செட்டையும் அதைப் போட்டுத்தான் சோதிப்பார். ஒரு ஞாயிறு அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, தவில்காரர் விரலில் மாட்டியிருக்கும் கூடுகளில் ஒன்று லூசாக இருக்கிறது என்றார். எது என்று கேட்டதற்கு மோதிர விரல் என்றார். அதே இசைத்தட்டு என்னிடம் இருபது வருடமாக இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய் மூன்று முறை போட்டேன். மூன்றாவது முறை கேட்டது. லேசாக, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு டிக். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

போன ஆடியில் விமர்சனத்துக்காக ஒரு கம்பெனி எனக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை அனுப்பியது. வீரபாகுவை வீட்டுக்கு அழைத்தேன். அவரும் கொஞ்சம் வயிறெரியட்டும் என்றுதான் அழைத்தேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. ஒரு பெண் குரலைப் போட்டேன். தலையைச் சாய்த்துக் கேட்டவர், எழுந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்றார். பிறகு ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டு, இந்த வயர் எப்போது போட்டது என்று கேட்டார். இரண்டு வருடம் ஆகிறது என்றேன். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று புகழ்ந்து எழுதியதைப் படித்து, ஒரு மாத ஓய்வூதியத்தைக் கொட்டி வாங்கிய வெள்ளி வயர். இரண்டு இழையும் கண்ணாடி மாதிரி ஒரே நிறம், ப்ளஸ் எது என்று காட்ட ஒன்றில் மட்டும் மயிரிழை போல ஒரு கோடு.

"ஒரு பக்கம் தலகீழா மாட்டிக்கீது சார்" என்றார்.

மாற்றிச் சொருகினார். இனிமேல் தவறக்கூடாது என்று சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பட்டு நூலை எடுத்து, இரண்டு பக்கமும் அடையாள முடிச்சு போட்டார். மறுபடி பாட்டைப் போட்டதும், இரண்டு வருடமாக அறை முழுக்க அலைந்துகொண்டிருந்த குரல் நடுவில் வந்து நின்றது. ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுத்தால் குரல் சிதறும். இதை நான் முப்பது வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன். வீரபாகு காபி குடித்தார், "இழ சேருது" என்றார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வயரை வாங்கிய புதிதில் நான் எழுதிய விமர்சனத்தில் ஒரு வரி உண்டு: 'குரல் ஓரிடத்தில் அடைபடாமல் அறையெங்கும் மிதக்கிறது.' பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஜெயக்குமார் அதைப் படித்துவிட்டு அதே வயரை வாங்கினான். அவன் ஒழுங்காகப் பார்த்து மாட்டிவிட்டான். குரல் மிதக்கவில்லை, நடுவில் நின்றது. ஞாயிறுதோறும் அதே புலம்பல். "உன் வீட்ல சரியாதான் கீதுபா" என்று வீரபாகு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அவன் கேட்கவில்லை. "அச்சுல வந்துகீதேண்ணா" என்பான். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் வீட்டு வயரைப் பற்றி வீரபாகு யாரிடமும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாகும், அடுத்த ஞாயிறு வரை நிம்மதி. இப்படி நாலு மாதம் போயிற்று.

போன ஞாயிறு ஜெயக்குமார் வரும்போதே முகம் வாடியிருந்தது. குரல் மிதக்காததற்கு ஸ்பீக்கர்கள்தான் காரணம் என்று முடிவுகட்டி, அவற்றை விற்கப் போகிறானாம். ஆறு வருடம் ஆசைப்பட்டு வாங்கியவை, வீரபாகுவே "இழ சேருது" என்று சொன்னவை. மறுநாள் காலையில் சென்னையிலிருந்து ஆள் வந்து எடுத்துக்கொண்டு போகிறார் என்றான். இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் வீரபாகுவின் பக்கம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான். "அண்ணா, நீங்க சார் வீட்டுக்குப் போய் கேட்டீங்க இல்ல. அங்க மெதக்குதா?"

வீரபாகு எழுந்தார். நாகசுரம் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் குமிழைத் திருகிச் சத்தத்தை அடியோடு நிறுத்தினார். அந்த வீட்டில் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. பெரியநாயகி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"சார் இங்கதான கீறாரு. அவரையே கேளுபா."

என்னிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. அறையின் உயரம், சுவரின் பூச்சு என்று பத்து நிமிடம் பேசியிருப்பேன். வீரபாகு என் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை முறுக்கிக்கொண்டிருந்தார். நாலு மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். இவர் தப்பு என் கையில் கிடைத்திருந்தால் அடுத்த இதழிலேயே எழுதியிருப்பேன். காதில் என்னை மிஞ்சியது போகட்டும், பெருந்தன்மையிலுமா என்று இருந்தது.

"ஸ்பீக்கர விக்காத ஜெயக்குமார்" என்றேன். "என் வீட்டுல ஒரு பக்கம் வயர மாத்தி சொருகிட்டேன். ரெண்டு வருஷமா எனக்குத் தெரியல. மெதந்தது அதனாலதான்."

அவன் என்னைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். அந்த இரண்டு வருடத்தில் எழுதிய மற்றதெல்லாம் என்ன ஆவது என்பதுதான் அடுத்த கேள்வி. ஜெயக்குமார் வாயெடுத்தான்.

வீரபாகு குமிழைத் திருப்பினார். அது சிவப்பு நூல்வரை வந்தது, நிற்கவில்லை. நூலைத் தாண்டி இன்னும் ஒரு விரற்கடை போயிற்று. ஜன்னல் கதவு அதிர்ந்தது. ஜெயக்குமாரின் உதடுகள் அசைந்தன, ஒரு சொல்லும் கேட்கவில்லை. பாட்டு முடிகிறவரை வீரபாகு குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.