காரம் என்று எழுதியவள்

சுத்தத் தண்ணீருக்கு பிஎச் ஏழு. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் வீரியம் பத்து மடங்கு. கடலூருக்குத் தெற்கே ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் குப்பி கழுவிய புஷ்பவள்ளிக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பிளஸ் டூவைத் தமிழில் படித்தவள். மற்றவர்கள் ஆசிட், காஸ்டிக் என்றால் இவள் மட்டும் அமிலம், காரம் என்பாள். "தமிழ் டீச்சர்" என்று கேலி செய்தார்கள். அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவள் புருஷன் காத்தவராயனுக்கும் அங்கேதான் வேலை, பம்ப் ஷெட்டில். உட்கார்ந்து சாப்பிட வேறு இடம் இல்லாததால் ஆட்கள் பம்புக்குப் பக்கத்திலேயே தூக்குவாளியைத் திறப்பார்கள். 2008 கோடையில் ஒரு மதியம், அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது காஸ்டிக் குழாயின் இணைப்பு விட்டுப்போய் முகத்தில் அடித்தது. ஓடிவந்த புஷ்பவள்ளி குழாயடியில் அவன் கண்ணைக் கழுவிக்கொண்டே, நனைந்த சட்டையில் பிஎச் தாளை ஒற்றிப் பார்த்தாள். கருநீலம். பதிமூன்று. தண்ணீரைவிடப் பத்து லட்சம் மடங்கு.

வண்டியில் ஏற்றுவதற்குள் மேனேஜர் ஒரு படிவத்தை நீட்டினார்.

"நீதான் அழகா எழுதுவியேம்மா. ரெண்டு வரி போதும்."

எழுதினாள். நேரம்: மதியம் ஒரு மணி, சாப்பாட்டு இடைவேளை. காரணம்: கண்ணில் காரம் பட்டது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இரண்டில் ஒரு கண்ணும் தேறவில்லை. சீட்டில் கண் வெந்துவிட்டது என்று எழுதினார்கள். எதனால் வெந்தது என்பதற்கு அவள் எழுதிய படிவத்தையே இணைத்தார்கள்.

நான்கு மாதம் கழித்துக் கடலூரில் விசாரணை. வேலையில் நடந்த விபத்து என்று தீர்ப்பானால்தான் அவனுக்கு ஆயுள் முழுக்க ஏதாவது கிடைக்கும். கம்பெனி ஆள் படிவத்தை வாசித்துக் காட்டினான்.

"சாப்புடும்போது கொழம்புக் காரம் கண்ணுல பட்டிருக்கு சார். சம்சாரமே எழுதிக் குடுத்திருக்காங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது அன்றைக்கு அவள் கண்முன்னால் நடந்தது.

"அது மொளகாக் காரம் இல்ல சார். பிஎச் பதிமூணு. பாடப் புஸ்தகத்துலயே காரம்னுதான் சார் இருக்கு."

"இதுல பதிமூணுன்னு இல்லியேம்மா" என்றார் அதிகாரி.

அன்றைக்குச் சட்டையில் ஒற்றிய பிஎச் தாளைப் பர்ஸிலிருந்து எடுத்தாள். நிறம் வெளுத்து, எந்த எண்ணும் இல்லாத அழுக்குத் துண்டாக இருந்தது. குழாயைக் கம்பெனி என்றோ மாற்றிவிட்டது. ஷெட்டில் கூட இருந்தவர்கள் வேலை போய்விடுமென்று பயந்து வாய் திறக்கவில்லை. வேலையில் நடந்த விபத்து இல்லை என்று தீர்ப்பானது.

பஸ்ஸில் காத்தவராயன் கேட்டான்.

"காஸ்டிக்னு எழுதியிருக்கலாம்ல?"

அவன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளையாக இருந்திருந்தால் காஸ்டிக் என்று சொல்லி ரேகை வைத்திருப்பாள். அவன் பிழைப்புக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

அன்று ராத்திரி அவன் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டுச் சொன்னான்.

"கொழம்புல காரமே இல்லியே, புஷ்பா."

வெந்த கண்ணில் கை பட்டால் எரியுமென்று, அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று மாதமாக அவள் மிளகாய் போடுவதில்லை; அன்றைக்குத்தான் அவன் அதைக் கேட்டான்.