பட்டியலில் பதினான்காவது நூல்

இலோயிலோ நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தின் இரண்டாம் மாடியில், நோக்கு நூல் பிரிவின் மேசைக்குப் பின்னால், டெல்பினா பனேஸ் இருபத்துநான்கு வருடமாக உட்கார்ந்திருந்தாள். எந்தத் துறை மாணவர் எந்தத் தலைப்போடு வந்து நின்றாலும் அவள் இழுப்பறையில் அதற்கு ஒரு நூற்பட்டியல் தாள் இருக்கும். நெல்லுக்கு ஒன்று, தொழுநோய்க்கு ஒன்று, ஸ்பானியர் கால நிலப் பதிவுகளுக்கு ஒன்று. எந்த அகராதியை நம்பலாம், எந்த நிலப்படத் தொகுதியில் அளவு பிசகியிருக்கிறது, எந்த ஆய்வேட்டைப் பின்னிணைப்பிலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்று வரிசை எண் போட்டுத் தட்டச்சு செய்து, அடியில் பச்சை மையில் தன் முதலெழுத்துகளை இட்டிருப்பாள். அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துவிட்டால் பேராசிரியர்கள் மறுகேள்வி கேட்க மாட்டார்கள்.

கையில் எடுத்துப் புரட்டாத எதையும் அவள் பட்டியலில் சேர்த்ததில்லை, ஒன்றைத் தவிர. குய்மாராஸ் நீரிணைக்கான தாளில் பதினான்காம் எண்ணாக அது இருந்தது:

ர. பனேஸ், ‘நீரிணையின் ஓட்டங்களும் அவற்றின் பெயர்களும்’, தட்டச்சுப் பிரதி, 1983.

அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் கிடையாது.

அதை ஒரு பொறியாகத்தான் வைத்தாள். அவள் தயாரிக்கும் தாள்களைச் சுற்றுவட்டாரக் கல்லூரி நூலகங்கள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் அப்படியே நகலெடுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. அவள் செய்த தட்டச்சுப் பிழைகள்கூட அங்கே பிழை மாறாமல் இருந்தன. திருடுகிறவர்களை அடையாளம் காண, இல்லாத நூல் ஒன்றை நடுவில் செருகுவது என்று முடிவு செய்தாள். ஆசிரியர் பெயர் ஒன்று வேண்டுமே என்று யோசித்தபோது விரல்கள் தாமாகவே அண்ணன் பெயரை அடித்துவிட்டன.

ரமிரோ இறந்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கடற்கரை ஊர்களில் மீனவர்கள் நீரோட்டங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களையெல்லாம் நோட்டில் எழுதித் திரிந்தவன் அவன். வீட்டுக்கு எதிரே மூன்று புரியாக முறுக்கிக்கொண்டு ஓடும் ஓட்டத்துக்குத் தானே ஒரு பெயர் வைத்தான்: பினாவின் பின்னல். டெல்பினாவைப் பினா என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். ஒரு நாள் நடுமதியத்தில் சின்ன மோட்டார்ப் படகைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம், “பயப்படாதே இன்டாய், ஏழாம் பிறை மதியத்துல அது ஒரு மணி நேரம் தூங்கும். நான் எண்ணிப் பாத்துட்டேன்,” என்றான். இன்டாய் என்பது அந்த ஊரில் தங்கையைச் செல்லமாக அழைக்கும் சொல்.

மாலையில் படகு மட்டும் கிடைத்தது. இன்ஜினில் பழுதில்லை. அவன் செருப்புகள் படகின் தரையில் ஜோடியாக இருந்தன, ஈரமே படாமல். நோட்டும் இல்லை, அவனும் இல்லை.

பொறி வேலை செய்தது. ஆறு மாதத்தில் பக்கத்துக் கல்லூரிப் பட்டியலில் ர. பனேஸ் வந்துவிட்டார். அடுத்த வருடம் செபுவில், பிறகு மணிலாவில். நூல் கடன் கொடுக்கும் மேசையில் இருந்த பெபெத், அவளை மனாங் (அக்கா) என்று அழைப்பவள், விழுந்து விழுந்து சிரித்தாள். “மனாங், உங்க அண்ணன் நம்மள விட நல்லா ஊர் சுத்துறாரு. டிக்கெட்கூட வாங்கல!” டெல்பினாவும் சிரித்தாள். திருடர்கள் யார் என்று தெரிந்த பிறகு அந்த வரியை நீக்கியிருக்க வேண்டும். நீக்கவில்லை. ஒவ்வொரு புதுப் பட்டியலிலும் அண்ணன் பெயரைப் பார்க்கும்போது, அவன் எங்கோ வேலையாய் இருக்கிறான் என்று தோன்றியது. அந்தத் தோற்றம் அவளுக்கு வேண்டியிருந்தது.

பிறகு மேற்கோள்கள் வரத் தொடங்கின. பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் ஆய்வேட்டின் கடைசியில் சேர்ப்பது மாணவர்களின் வழக்கம்தான். பக்க எண்ணும் போட்டுவிடுவார்கள், எவரும் போய்ப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியத்தில். முதல் இரண்டு மேற்கோள்களை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது, தெற்கே ஒரு கல்லூரியிலிருந்து பரிமாற்றத்தில் வந்த ஆய்வேட்டில் இருந்தது. பக்கம் 87: “மூன்று புரியாய் ஓடும் இதற்குப் பினாவின் பின்னல் என்று பெயர்.”

டெல்பினா ஆய்வேட்டை மூடி வைத்தாள். மாடியில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. பதினோரு மாணவர்கள் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயரை அவள் வாழ்நாளில் எவரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

ஜோவெலின் வந்தது அதற்கு மறு வருடம். மீன்வளத் துறை முதுகலை மாணவி. வாயில் எப்போதும் எதையாவது மென்றுகொண்டு, மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேசுகிற பெண்.

“மேம், பதினாலாம் நம்பர் எங்க இருக்கு? அலமாரி ஃபுல்லா தேடிட்டேன்.”

“எதுக்கு அது?”

“அதை வச்சுத்தான் என் ஆய்வே. வேற ஒருத்தர் தீசிஸ்ல எடுத்துப் போட்டிருக்காங்க, பாருங்க.” நோட்டைத் திருப்பிக் காட்டினாள். பக்கம் 88. “ஏழாம் பிறை மதியத்தில் பின்னல் ஒரு மணி நேரம் தூங்கும். குழந்தைகூடக் கடக்கலாம்.”

டெல்பினா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“வர்ற வியாழக்கிழமை ஏழாம் பிறை,” என்றாள் ஜோவெலின். “படகு பேசியாச்சு. நாங்க ஏழு பேர். நடுவுல நிறுத்தி அளக்கப் போறோம். மீன்காரங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல, அதான் யாருக்கும் தெரியல.”

“போகாதே.”

“ஏன் மேம்?”

“அந்தப் புத்தகம் இல்ல.”

“யாராவது எடுத்துட்டுப் போய்ட்டாங்களா?”

“கிடையவே கிடையாது. நான் சும்மா எழுதுனது.”

ஜோவெலின் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள். “மேம், நீங்களா? ஒரு காற்புள்ளி தப்பா இருந்தா எங்க தாளைத் திருப்பித் தர்ற ஆளு! போங்க மேம், காலையில காபி குடிக்கலையா?”

அவள் நம்பவில்லை. இருபத்துநான்கு வருடப் பச்சை மை இப்போது டெல்பினாவுக்கு எதிராகவே நின்றது. உண்மையைச் சொன்னால் வேலையும் பெயரும் போகும் என்று அத்தனை நாள் பயந்திருந்தவளுக்கு, சொன்னாலும் எடுபடாது என்பது புதிது.

அன்றே அவள் ஜோவெலினின் ஆய்வு வழிகாட்டியான டாக்டர் அர்மாடாவின் அறைக்குப் போனாள். தடித்த மனிதர், மேசையில் பாதி தின்ற ரொட்டி. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“மேம் பனேஸ், ரிட்டையர் ஆக இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?”

“அது எதுக்கு சார்?”

“ரொம்ப உழைச்சிட்டீங்கன்னு சொல்றேன். அந்தப் புத்தகத்தை நானே படிச்சிருக்கேன். என் ஆராய்ச்சியிலயே இருக்கு.”

இவரும் பொய்தான் சொல்கிறார், தன் பட்டம் ஆடிவிடும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. “எங்க வச்சுப் படிச்சீங்க?”

“உங்க பிரிவுலதான். மதியம். நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. உங்க ஆளு ஒருத்தர் எடுத்துக் குடுத்தாரு. நீல அட்டை, ஓரமெல்லாம் ஊறிப் போயிருந்துச்சு.” ரொட்டியைத் தட்டில் தள்ளி வைத்தார். “ஒல்லியா ஒருத்தர். எனக்கு ஏன் ஞாபகம் இருக்குன்னா, கால்ல செருப்பு இல்ல. லைப்ரரியில இதையெல்லாம் அனுமதிக்கிறாங்களான்னு நெனச்சேன்.”

டெல்பினா எழுந்து வாசலுக்கு நடந்தாள்.

நோக்கு நூல் பிரிவில் அவளைத் தவிர வேறு ஆள் எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் காலை, நூலக வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் நீரிணைப் பட்டியலைக் குத்தி வைத்தாள். பதினான்காம் எண்ணைச் சிவப்பில் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தாள்: “இந்நூல் இல்லை. நான் புனைந்து சேர்த்தது. இதிலிருந்து எடுத்ததாகச் சொல்லும் எதையும் நம்பிக் கடலில் இறங்க வேண்டாம். டெல்பினா பனேஸ்.” நூலக முத்திரையும் வைத்தாள். அதே வாசகத்தை, அந்தப் பட்டியலை நகலெடுத்திருந்த ஒன்பது நூலகங்களுக்கும் படகுத்துறை அலுவலகத்துக்கும் அனுப்பினாள்.

மதியத்துக்குள் நூலக இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவள் தயாரித்த நூற்றுப்பன்னிரண்டு பட்டியல்களும், ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும்வரை, திரும்பப் பெறப்பட்டன. அவளைப் பழைய செய்தித்தாள் அறைக்கு மாற்றினார்கள். படிக்கட்டில் எதிரே வந்த பெபெத் முதல்முறையாக ஒரு கிண்டலும் செய்யவில்லை. “ஏன் மனாங் வாயைத் திறந்தீங்க? யாருக்குத் தெரியப் போகுது?” என்று மட்டும் கேட்டாள்.

“ஏழு பேருக்கு, பெபெத்.”

முத்திரை இருந்ததால் படகுத்துறை அலுவலகம் அனுமதியை நிறுத்திவிட்டது. வியாழக்கிழமை பதினொன்றரைக்கு ஜோவெலின் கோபத்தோடு கரையில் நின்றிருந்தாள். காலடியில் மஞ்சள் வர்ணம் அடித்த பன்னிரண்டு தேங்காய்கள். நீரோட்டம் பார்க்க மிதக்க விடுவதற்கு.

“வாங்க மேம்,” என்றாள் திரும்பிப் பார்க்காமலே. “என் ஒரு வருஷத்தைக் கெடுத்தீங்க. கரையிலிருந்தாவது பாத்துக்கிறேன். இதுக்கும் முத்திரை வேணுமா?”

“போடு. நானும் பாக்கணும்.”

துறைமுனைக்கு நடந்து போய் ஜோவெலின் ஒவ்வொன்றாக வீசினாள். பன்னிரண்டு மணி ஆனதும் தண்ணீர் அடங்கியது. காற்று இருந்தது, கரையில் தென்னையோலை அசைந்தது, ஆனால் நீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பன்னிரண்டு தேங்காயும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன.

“பாருங்க! தூங்குது. புத்தகம் சொன்னது சரி. நாங்க இப்ப நடுவுல இருந்திருப்போம், எல்லாம் அளந்து முடிச்சிருப்போம்.”

டெல்பினாவுக்கு அழுகை வந்தது. அண்ணன் எண்ணிப் பார்த்தது சரியா? சரியென்றால் ஏன் திரும்பி வரவில்லை?

பன்னிரண்டே முக்கால் இருக்கும். முதல் தேங்காய் நகர்ந்தது. காற்றோடும் போகவில்லை, கரைக்கும் வரவில்லை. நேராக நடுக்கடல் பக்கம், கயிறு கட்டி இழுப்பதுபோல். அதன் பின்னால் இரண்டாவது. பின்னால் மூன்றாவது. பன்னிரண்டும் ஒரே இடைவெளியில் ஒரே வரிசையாகப் போயின. ஓர் இடம் வந்ததும் முதலாவது உள்ளே போனது. சத்தமில்லை, நுரையில்லை. ஜோவெலின் எண்ணத் தொடங்கினாள். ஏழு வரை வாய்விட்டு எண்ணிவிட்டு நிறுத்தினாள். பன்னிரண்டும் போய்விட்டன. ஒன்றும் மேலே வரவில்லை.

“தேங்காய் முங்காதே மேம்,” என்றாள் சின்னக் குரலில்.

அவள் டெல்பினாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கரைக்குத் திரும்பி நடக்கும்வரை விடவில்லை. அந்த ஆய்வை அவள் தொடரவில்லை. குளத்து மீன் வளர்ப்பில் பட்டம் வாங்கிக்கொண்டு போனாள் என்று பின்னால் தெரிந்தது.

செய்தித்தாள் அறை டெல்பினாவுக்குப் பழகிவிட்டது. ஒன்பது நூலகங்களில் எட்டு அந்த வரியை நீக்கிவிட்டதாக எழுதின. ஒன்பதாவது பதில் போடவே இல்லை. ஆனாலும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன, தவாவோவிலிருந்து, ஒருமுறை ஹவாயிலிருந்துகூட. இந்த நூலின் இன்ன பக்கத்தை நகல் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டு, அடையாளத்துக்காக அதிலிருந்து ஒரு வரியையும் எழுதியிருப்பார்கள். எல்லாக் கடிதங்களும் அவள் மேசைக்கே வரும். இல்லை என்று எழுதுவதும் இப்போது அவள் வேலைகளில் ஒன்று. எழுதுமுன் அந்த வரியை ஒருமுறை மெதுவாகப் படிப்பாள். அவன் பேச்சு அதில் கேட்கும்.

போன மாதம் வந்த கடிதத்தில் பக்க எண் 89. அதுவரை எவரும் 89ஐக் கேட்டதில்லை. “முந்தைய பக்கத்தில் நான் எழுதியது பிழை. இங்கே வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் இறங்க வேண்டாம், இன்டாய் உட்பட.”

டெல்பினா அதை மூன்றுமுறை படித்தாள். பிறகு பச்சை மையை எடுத்து, வழக்கம்போல் ஒரே வரியில் பதில் எழுதினாள்: அப்படி ஒரு நூல் எங்களிடம் இல்லை.