அப்பா எழுந்து போகாத திருவிருந்து

எங்கள் அப்பா ஆண்டவருடைய இளைப்பாறுதலுக்குள் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். "அக்கா, நல்லதை மட்டும் எழுது" என்று தம்பி சொல்லியிருக்கிறான். நல்லதைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் அப்பாவிடம் இருந்த நல்லது லேசில் புரிகிற நல்லது இல்லை. எனக்கே இன்னும் முழுசாகப் புரிந்தபாடில்லை.

அப்பா பிறந்தது கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில். தாயார் இலை பறித்தவர், தகப்பனார் டீ பாக்டரியில் விறகு போட்டவர். பால்பல் விழும் முன்பே தாயாரை இழந்துவிட்டார். அந்த லைனில் அடுத்த கதவு வீட்டில் அவரைவிடச் சற்று மூத்த பையன் ஒருவர் இருந்தார். அந்த வீட்டுச் சட்டியில்தான் அதன்பிறகு அப்பாவுக்கும் சோறு. "அண்ணே" என்று அன்றைக்குக் கூப்பிட ஆரம்பித்தவர் சாகும்வரை அதை மாற்றவில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கு நடந்தார்கள். ஒரே நாளில் சபையில் முழு உறுப்பினராகத் திடப்படுத்தல் பெற்று, பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு முதல் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுத்தார்கள். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் சேர்ந்ததும் ஒன்றாகத்தான்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, கையிலிருந்ததைச் சேர்த்துக் குன்னூர்ப் பக்கம் ஒரு சரிவை வாங்கி இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். மேல்பாதி அவருக்கு, கீழ்ப்பாதி அப்பாவுக்கு. எங்களுக்கு அவர் மேல்வீட்டுப் பெரியப்பா. ரத்த உறவு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. ரத்த உறவு பெரியப்பாக்கள் இரண்டு பேர் திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்கள் முகம் எனக்குக் கல்யாண போட்டோவில்தான் தெரியும்.

அப்பாவின் சுபாவத்தை ஒரு வரியில் சொல்வதானால், எலிப்பொறி வைத்தால்கூட எலி தப்பிக்க வழி விட்டு வைக்கிற மனிதர். கடைக்காரர் சொத்தைக் கிழங்கு போட்டால், "அவுரும் யார் தலைலயாச்சும் கட்டித்தானே ஆகோணும்" என்பார். அம்மா இருந்தவரை அம்மாதான் பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டு மாற்றி வருவார். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் சொத்தைக் கிழங்குதான். நானும் தம்பியும் வேலையென்று கோயம்புத்தூரில் தங்கிவிட்டோம். அப்பா அந்தச் சரிவில் தனியாக இருந்தார். ஆனாலும் மேலே பெரியப்பா வீட்டு அடுப்புப் புகை தெரியும், சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே டம்ளர் டீயைப் பாதி பாதியாகக் குடிப்பார்கள் என்பதால் எங்களுக்குக் கவலை இல்லை.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்தது.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவே வேலி இருந்ததில்லை. ஒரு ஒற்றையடிப் பாதையும் ஒரு சில்வர் ஓக் மரமும்தான் எல்லை. சரிவில் பாதை மூடிவிட்டது, மரம் வேரோடு பெயர்ந்து ஓடையில் கிடந்தது. மழை விட்டதும் பெரியப்பா ஆள் வைத்துப் புதுப்பாதை வெட்டினார். அது பழைய இடத்தில் இல்லை. எங்கள் பக்கத்துத் தேயிலை வரிசைகள் நான்கு மேல்தோட்டத்துக்குள் போய்விட்டன. மரம் அங்கேதான் நின்றது என்று பெரியப்பா சாதித்தார். வயதானவர், மண்ணே இடம் மாறிய பிறகு உண்மையிலேயே அப்படி நம்பியிருக்கலாம். நம்பாமலும் இருந்திருக்கலாம். நான் அவர் மனசுக்குள் போய்ப் பார்த்ததில்லை.

சர்வேயரைக் கூப்பிடலாம், அளந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்றான் தம்பி. சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் சொன்னேன். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டியிருந்த அட்டையை உப்புப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. அப்போதுதான் சொன்னார்.

"அளந்தா நாலு வரிசை நம்முளுது ஆயிரும் கண்ணு. என்ற அண்ணன் நம்முளவரு ஆவாரா?"

"குட்டக் குட்டக் குனியறவனும் முட்டாள்னு சொல்வாங்கப்பா."

"உலகத்துப் புத்திக்கு அப்படித்தான். ஆண்டவரு கணக்கு வேற. அண்ணந்தம்பி வழக்குக்குப் போறதவிட நஷ்டப்படறது மேலுன்னு வேதத்துல படிக்கறோமில்ல? படிச்சுப்போட்டு மூடி வெக்கறதுக்கா அது?"

இதற்கு மேல் என்ன பேசுவது? படித்த மகள் நான் வாயை மூடிக்கொண்டேன். தம்பி மூடவில்லை. அடுத்த வாரம் பச்சை இலை எடைபோடும் கொட்டகையில், இத்தனை பேர் முன்னால், பெரியப்பாவைப் பார்த்துத் "திருடன்" என்று சொல்லிவிட்டான். இதைத் தம்பியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெரியப்பா இலைச் சாக்கை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அன்று சாயங்காலமே அப்பா மன்னிப்புக் கேட்க மேலே போனார். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பையனப் பேச உட்டுப்போட்டு அப்பன் காலப் புடிக்க வர்றானா? போகச் சொல்லு."

அந்த மாதத் திருவிருந்து ஞாயிறன்று பெரியப்பா பந்திக்குப் போகவில்லை. திருடன் என்று சொன்ன குடும்பத்தோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டேன் என்று சொல்லி, ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அப்பா அடுத்த மாதம் என்ன செய்தார் தெரியுமா? சபை முழுக்க எழுந்து வரிசையில் போனபோது இவரும் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். சகோதரனுக்கு நம்மேல் குறை இருக்கும்போது முதலில் அவனோடு ஒப்புரவாகு, பிறகு காணிக்கையோடு வா என்பது ஆண்டவர் சொன்னது. அப்பா ஒப்புரவாகப் போய்ப் பார்த்துவிட்டார், கதவு திறக்கவில்லை. எனவே திறக்கும்வரை காத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் சபை ஆயர் ஐயா வீடு தேடி வந்து, "உங்க பங்குக்குச் செஞ்சாச்சு, நீங்க தாராளமா வரலாம்" என்று எடுத்துச் சொன்னார்.

"வேண்டாங்கலைங்க ஐயா. அண்ணனும் வரட்டுங்க. மொதல்ல ஒண்ணா எடுத்தோம், இப்பவும் ஒண்ணா எடுக்கறோம்" என்றார் அப்பா.

நல்ல எண்ணம்தான். ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது? குற்றமுள்ள மனசுதான் பந்திக்குப் போகப் பயப்படும் என்று எடுத்துக்கொண்டது. நிலத்தைப் பிடித்துக்கொண்டவர் உட்கார்ந்திருந்தார், பறிகொடுத்தவரும் உட்கார்ந்திருந்தார். பார்க்கிறவர்களுக்கு இருவரில் யார் கள்ளன் என்று எப்படித் தெரியும்? கோவில் ஆராதனை முடிந்து அப்பாவிடம் நின்று பேசுகிறவர்கள் குறைந்தார்கள். தம்பி வருவதை நிறுத்திக்கொண்டான். நான் மட்டும் திருவிருந்து ஞாயிறு தவறாமல் போவேன். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய், பந்தியில் முழங்கால் போட்டுத் திரும்பும்போது பார்ப்பேன். எல்லாப் பெஞ்சுகளும் காலி. நடுவில் ஒரு நரைத்த தலை, கடைசியில் ஒரு நரைத்த தலை. அந்த ஒரு காட்சிக்காக எனக்கு ஆண்டவர்மேலேயே கோபம் வரும்.

வார நாட்களில் நிலைமை இன்னும் மோசம். இலை பறிக்கிற நாளில் புதுப்பாதைக்கு இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் பெரியப்பாவும் குனிந்த தலை நிமிராமல் பறிப்பார்கள். அப்பா இருமினால் மேலேயிருந்து அவரும் இருமுவார், பேச்சு மட்டும் கிடையாது. சாயங்காலம் பனிமூட்டம் ஏறிவிட்டால் மேல்வீட்டு விளக்கும் தெரியாது. அப்பா அப்போதும் வாசலில் உட்கார்ந்து அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். பாதி டம்ளர் டீயைக் குடித்துவிட்டு மீதியை ஆறவிட்டு ஊற்றிவிடுவார். "முழுசாக் குடிச்சுப் பழக்கமில்ல" என்பார். என்னோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "நான் கீழ போயிட்டா, அண்ணன் மனசு மாறி எறங்கி வர்றப்ப ஊடு பூட்டிக் கெடக்குமே" என்பார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி, மருத்துவமனையில் இனி ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்ட பிறகு, ஆயர் ஐயா அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அப்பா என்னைப் பார்த்து மேல்பக்கம் கையைக் காட்டினார். நான் புதுப்பாதை வழியாக ஏறிப் போனேன். பெரியம்மா கதவருகே கண் கலங்க நின்றார். பெரியப்பா எனக்கு முதுகைக் காட்டி அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, அப்பா கூப்பிடறாருங்க. கடைசியாக் கூப்பிடறாருங்க."

அவர் திரும்பவில்லை. விறகை மட்டும் உள்ளே தள்ளினார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

ஆயர் ஐயா வெகுநேரம் காத்திருந்தார். அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. "அவசரமில்லீங்க ஐயா" என்றார். சாகக் கிடக்கிறவருக்கு அவசரமில்லையாம்! மறுநாள் மத்தியானம் பனி ஏறி வந்த நேரத்தில், என் கையைப் பிடித்தபடி போய்விட்டார். அடக்கத்தின்போது பெரியப்பா கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றார். ஒரு பிடி மண் போடக்கூட உள்ளே வரவில்லை. அப்பா நம்பியது என்ன ஆயிற்று? ஆண்டவருடைய ஞானம் அப்பாவுக்குக் கொடுத்தது காலி பெஞ்சும் ஆறின டீயும்தானா? அந்த நாட்களில் இதை நான் வாய்விட்டே கேட்டேன், அதுவும் ஜெபத்தில்.

அடுத்த திருவிருந்து ஞாயிறன்று நான் பெண்கள் பக்கம் போகவில்லை. அப்பா உட்கார்ந்த அதே இடத்தில், ஆண்கள் நடுவே போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லத் துணியவில்லை. எல்லாரும் எழுந்து போனார்கள். நான் எழவில்லை. அப்பா எழாததற்குக் காரணம் அன்பு. எனக்கு அப்படியெல்லாம் இல்லை, அந்த மனிதரோடு ஒரே பாத்திரத்தில் என்னால் குடிக்க முடியாது, அவ்வளவுதான். பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. பெரியப்பா என் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கொப்பன் எனக்காகத்தான் உக்காந்திருந்தான். எனக்குத் தெரியும் கண்ணு. தெரிஞ்சுதான் நானும் எந்திரிக்காம இருந்தேன்." அவர் ஊன்றுகோலை மறு கைக்கு மாற்றினார். "இன்னைக்கு நீயும் உக்காந்துட்டியே. எந்திரி சாமி, ஒண்ணாப் போலாம்."

எனக்கு எழ மனமில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அப்பா அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து கிழவரானார். அது வந்து நிற்கும்போது நான் வேண்டாம் என்றால், அப்பா காத்திருந்தது வீணாகிவிடும். எழுந்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பந்தியில் எனக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் முழங்கால் போடும் அளவுக்கு இடம் விட்டு முழங்கால் போட்டார். தெரிந்தே விட்டாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த நான்கு வரிசையும் இன்னும் மேல்வீட்டுப் பக்கம்தான் இருக்கின்றன. நாங்கள் அளக்கப் போவதில்லை, தம்பியும் ஒத்துக்கொண்டுவிட்டான்.

அப்பாவுக்குக் கடைசிவரை வந்து ஜெபித்த ஆயர் ஐயாவுக்கும், கூட இருந்து பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மழையில் குழி வெட்டிய சபை வாலிபர்களுக்கும், தூரத்திலிருந்து வந்து அழுத ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேல்வீட்டுப் பெரியப்பாவுக்கும் நன்றி. அப்பா கேட்டதை என்னிடம் கொடுத்தீர்கள். அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வழி தெரியவில்லை, ஆண்டவர்தான் சேர்க்க வேண்டும். நான் மாதாமாதம் வருகிறேன். அன்றைக்கு அப்பாவின் வீடு பூட்டிக் கிடக்காது. மீதி டீ இருக்கும், இறங்கி வாருங்கள்.

— மகள்