மீனுக்குச் சீஸ் கூடாதாம்

வெள்ளிக்கிழமை நான் மச்ச மாமிசம் தொடுவதில்லை. இன்று மகள், "அம்மா, ஒருக்கா இத்தாலியன் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்கோவன்" என்று ஒஸ்லோ நகருக்குள் ஒரு கடைக்குக் கூட்டிப்போனாள்.

மீன், இறைச்சி ஒன்றும் கூடாது என்று சொல்லித்தான் தக்காளிப் பாஸ்தா எடுத்தேன்.

பாதி சாப்பிட்டபின் சீஸ் கேட்டேன். பரிமாறிய இத்தாலியர் முகத்தைச் சுளித்தார்.

"மீனுக்கு நாங்கள் சீஸ் போடுறேல்லை. அது எங்கட வழக்கம்."

"என்ன மீன்?"

"சோஸுக்குள்ள நெத்தலி கரைச்சிருக்கு. சும்மா ருசிக்குத்தானே!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்திவிட்டேன்.

"அம்மா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்!"

மீனுக்குச் சீஸ் போட்டால் அவருடைய வழக்கம் கெட்டுப்போகுமாம். என் வெள்ளிக்கிழமைக்குள் மீனைக் கரைத்தால் அது ருசியாம்.

நான் கத்தினது பிழையோ? சொல்லுங்கோ பாப்பம்.