பெயர்ப்பலகைக்குக் கீழே

உளவியலாளரான எனக்கென்று ஆஸ்பத்திரியில் முதலில் அறை இருக்கவில்லை. கண் கிளினிக்கின் மூலையில் கதிரை போட்டுத்தான் வருகிறவர்களோடு கதைத்தேன். எங்கள் தொழிற்சங்கம் சுகாதார அமைச்சோடு ஓயாமல் மல்லுக்கட்டி, வீதியோரம் தனி அறை வாங்கித் தந்தது. 'மனநலப் பிரிவு' என்று மூன்று மொழியிலும் பெரிய பலகை. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

கண் கிளினிக் மூலைக்கு என்னிடம் வந்துகொண்டிருந்த, மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த மூதூர்ப் பெண்ணை மீன்சந்தையில் கண்டேன்.

"ஏன் நீங்கள் இப்ப வாறேல்லை?"

"கண் காட்டப் போறன் எண்டுதான் வீட்டில சொல்லிப்போட்டு வாறனான், மிஸ். பஸ்ஸில போற சனமெல்லாம் பாக்க, அந்தப் போர்ட்டுக்குக் கீழ எப்பிடி இருக்கிறது?"

படித்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. சங்கக் கூட்டத்தில் எங்கள் வெற்றியென்று அந்த அறையின் படத்தைத் திரையில் காட்டினார்கள். படத்திலும் கதிரைகள் வெறுமையாகத்தான் கிடந்தன. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.